தெற்குக் கொம்பு

தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டு மூடிமேல் ஏறி நின்று, துடைப்பக் குச்சி ஒன்றை நாவல் மரத்து விரிசலுக்குள் விட்டுப் பார்த்தாள் சாரதா. நேற்றுக் குச்சி சுண்டுவிரல் நீளம் உள்ளே போனது. இன்று நடுவிரல் நீளம் போகிறது. இல்லை, நேற்றுத்தான் சரியாக விடவில்லையோ என்னவோ. குச்சியை உருவி, ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, விரிசலின் மேல்முனையில் மறுபடி விட்டாள். அங்கே போகவே இல்லை. அதனால் நிம்மதி வந்துவிடவும் இல்லை. ஐம்பத்திரண்டு வயதுக்காரி காலை ஆறு மணிக்குத் தொட்டிமேல் நின்று மரத்தைக் குத்திக்கொண்டிருப்பதைத் தெருவில் போகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சமெல்லாம் முதல் இரண்டு நாளோடு போய்விட்டது. மூன்று வாரமாக இதுதான் அவளுடைய முதல் வேலை. பல் தேய்ப்பதுகூட இதற்கப்புறம்தான்.

மரம் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒன்று நேராக வானத்துக்குப் போனது. இன்னொன்று தெற்கே சாய்ந்து, சுவரைத் தாண்டி, மூன்றடி அகலச் சந்து ஒன்றையும் தாண்டி, பக்கத்து வீட்டு ஃப்ரெடியின் புது ஷீட் அறைக்கு மேலே போய்க் கை விரித்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம் மழையில்லாமல் வெறும் காற்று மட்டும் அடித்தபோது, பழைய வேட்டியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மறுநாள் பார்த்தால் மரம் பிரிகிற கவையில் இந்த விரிசல். அந்த ஷீட் அறையில்தான் ஃப்ரெடியின் மகள் ஷில்பா பிரசவத்துக்கு வந்து, இருபது நாள் குழந்தையோடு படுத்திருந்தாள்.

ஃப்ரெடி சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. மாரிகுப்பத்தில் விடிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய், எட்டு மணிக்கு மேல் திரும்புகிற மனிதன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "மிஸ், அவசரம் ஒண்ணும் இல்ல. பாப்பா கட்டில மட்டும் இந்தாண்ட இழுத்துப் போட்டுட்டோம்" என்றான். அவனுடைய பையன் அவளிடம் எல்.கே.ஜி. படித்தவன். அதனால் குடும்பமே அவளை மிஸ் என்றுதான் கூப்பிடும். இழுத்துப் போட்ட கட்டிலை நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அறை மொத்தமே பத்தடிக்குப் பத்தடி. எந்தாண்ட இழுத்தால் என்ன?

வேறொரு காலமாக இருந்தால் இது அவளுடைய கவலையே இல்லை. வீட்டுக்கு வெளியே உள்ள எல்லாமே கணவர் நெடுஞ்செழியன் பாடு. மரம், மோட்டார், வரி, கேட்டுக்குப் பெயிண்டு. ஃபாக்டரியில் முப்பத்தோரு வருடம். கடைசியில் பாரம் தூக்கி இறக்குகிற ரிக்கிங் செக்‌ஷனில் சார்ஜ்மேன். மேடையில் பேசுகிறவர் மாதிரி இல்லாவிட்டாலும் பேச்சுக்காரர்தான். சாப்பிடும்போது பேசுவார், ஷேவ் பண்ணும்போது பேசுவார். பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் ஷேவ் பண்ணிக்கொண்டிருக்கும்போதே வாய் ஒரு பக்கமாக இழுத்து, கண்ணாடிக்கு முன்னால் சரிந்து உட்கார்ந்தார். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. போனது என்றால் முழுசாகவும் இல்லை. ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. "ஆச்சு."

காபி வேணுமா என்றால் ஆச்சு. வலிக்குதா என்றால் ஆச்சு. மகள் ஷாலினி போனில் அழுதபோதும் ஆச்சு. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, மூளையில் பேச்சு இருக்கிற இடம் அடிபட்டுவிட்டது, அவருக்கு நீங்கள் சொல்வது பெரும்பாலும் புரியும், பதில்தான் அகப்படாது என்று சொல்லி, படம் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தாள். தம்ளர், தட்டு, கக்கூஸ், ஃபேன். தொட்டுக் காட்டவேண்டும். நெடுஞ்செழியன் இடது கையால் அந்த அட்டையை ஒரே தள்ளாகத் தள்ளினார். அது கட்டிலுக்கு அடியில் போனது. எடுத்து வைத்தாள். மறுபடி தள்ளினார். அப்புறம் சாரதா அவருடைய ஆச்சுவின் ராகத்தைப் படிக்க ஆரம்பித்தாள். இழுத்துச் சொன்னால் வேண்டும், வெட்டிச் சொன்னால் வேண்டாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். பாதி நாள் அந்தக் கணக்குத் தப்பாகத்தான் இருந்தது. காபியைக் கொடுத்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார். எடுத்துக்கொண்டு போனால் அவளையே பார்ப்பார். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாள். கேட்டைத் தாண்டுவதென்றால் மருந்துக்கடை வரைக்கும், அதுவும் ஓட்டமும் நடையுமாக. வீட்டுக்குள்ளேயே அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் எதையோ மறந்துவிட்ட மாதிரி இருக்கும். எழுந்துவிடுவாள்.

ஷாலினி பெங்களூரிலிருந்து தினமும் கூப்பிட்டாள். "அம்மா, ப்ளீஸ், சும்னே டென்ஷன் பண்ணிக்காத. மொத்தமா வெட்டித் தள்ளிட்டு வீட்டையும் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க."

"அவரக் கேக்காம எப்படிடி?"

"கேட்டா இன்னா சொல்வாரு? ஆச்சும்பாரு."

சொன்னதும் ஷாலினியே பேச்சை மாற்றி, மாத்திரை இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றாள் சாரதா. அப்புறம் யார் முதலில் போனை வைத்தார்கள் என்று தெரியவில்லை.

ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஒரு மரக்கடை ஆள் வந்து பார்த்தான். மரத்தை அண்ணாந்து பார்த்ததைவிட அடிமரத்தின் சுற்றளவைக் கையால் அளந்து பார்த்ததுதான் அதிகம். முழுசாக எடுத்துவிடலாம், நாளைக்கே ஆள் கொண்டுவருகிறேன், கட்டையை நானே ஏற்றிக்கொள்கிறேன் என்றான். நாளைக்கே என்ற வார்த்தையில் சாரதாவுக்கு ஒரு நிமிடம் ஆசை வந்தது. முடிந்துவிடும். குச்சி வேண்டாம், தொட்டி வேண்டாம். ஆனால் அவன் போன பிறகு, படுக்கையறை ஜன்னல் வழியாக நெடுஞ்செழியன் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். எப்போதும் அங்கேதான் பார்ப்பார். அந்தக் கட்டிலில் படுத்தால் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் மரக்கடைக்காரனுக்குப் போன் பண்ணி வேண்டாம் என்றாள்.

தசரதனின் நம்பரை ஃப்ரெடிதான் ரயிலில் யாரிடமோ கேட்டு வாங்கி வந்தான். மாரிகுப்பத்துக்காரன், நாற்பது வயது இருக்கும். பெங்களூரில் பெரிய பெரிய அப்பார்ட்மென்டுகளுக்கு மரம் பராமரிக்கிற கம்பெனியில் எட்டு வருடம் இருந்துவிட்டு, இப்போது சொந்தமாக அதே வேலையை இங்கே செய்கிறான். பைக்கின் பின்னால் அரிசி மூட்டையில் கயிறும், தலையில் மஞ்சள் ஹெல்மெட்டுமாக வந்து இறங்கினான். விரிசலைக் காட்டுவதற்காக அவள் தொட்டிப் பக்கம் ஓடினாள். அவன் அங்கே வராமல் மரத்தடியில் குந்தி உட்கார்ந்துவிட்டான். அடிமரத்தை ஒட்டினாற்போல் சுற்றிலும் சிமெண்டு பூசியிருந்தது. அதை விரல் முட்டியால் தட்டினான்.

"யாருமா இங்க சிமெண்டு போட்டது?"

"அவருதான். ரிடையர் ஆன வருசம். பழம் விழுந்தா பெருக்கித் தள்ள சுலபமா இருக்கும்னு."

"கழுத்து வரைக்கும் பட்டன் போட்டு உட்டாப்ல கீது. மூச்சு உட வேணாமா அது?" எழுந்து, கொடுவாளின் பின்பக்கத்தால் மரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தான். காதை வைத்துக் கேட்டான். தெற்குப் பக்கம் வந்ததும் சத்தம் மாறியதை அவளே கேட்டாள். "இத்த முன்ன வெட்டினது யாரு?"

"கரண்ட் ஆபீஸ் ஆளுங்க. நாலு வருசம் இருக்கும். கம்பில படுதுன்னு..."

"முழ நீளத்துக்குக் கட்டைய உட்டுட்டுப் போய்ட்டாங்க. கொம்பு கெளம்பற எடத்துல ஒரு மடிப்பு கீது பாருங்க, சட்டைக் காலர் மாதிரி. அத்தத் தொடாம அதுக்கு வெளிய வெட்டினா மரம் தானே தோலால மூடிக்கும். இவங்க உட்ட கட்டை காய்ஞ்சு, அது வழியா தண்ணி பூந்து, உள்ள உளுத்துகினே வந்துருக்குது."

"அப்போ முழுசா எடுத்துடணுமா?"

"இந்தத் தெக்குக் கொம்பு போயே ஆவணும். அதுல ரெண்டாவது பேச்சு இல்ல. நடு மரம் கெட்டிதாம்மா, இன்னும் ரொம்ப நாளு நிக்கும். ஆனா ஒரு கை போய்ட்டா வெயிட்டு ஒரு பக்கமா சாயும். அந்தாண்டயும் கொஞ்சம் குறைச்சாத்தான் நேரா நிக்கும். அப்புறம் வருசா வருசம் மழைக்கு முன்ன ஒருக்கா ஏறிப் பாக்கணும். பாப்பீங்கன்னா வெச்சுக்கலாம். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, ஃபாரஸ்ட் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு எடுத்துடலாம். பாதி மனசா மட்டும் வெக்காதீங்க."

"அவரக் கேட்டுச் சொல்றேன்" என்றாள் சாரதா. வாயில் பழகிப்போன வாக்கியம் தானாக வந்துவிட்டது. வந்தபிறகு திரும்ப எடுக்க முடியாமல் உள்ளே போனாள்.

நெடுஞ்செழியன் தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பேசியதெல்லாம் காதில் விழுந்திருக்கும். அவள் கட்டிலுக்கு முன்னால் நின்று, வகுப்பில் பேசுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"தெக்குக் கொம்ப எடுக்கணுமாம். மீதி மரத்த வெச்சுக்கலாமா?"

"ஆச்சு."

"இல்ல, முழுசா எடுத்துடலாமா?"

"ஆச்சு."

இரண்டும் ஒரே ராகம். ஒரே நீளம். "ஒருவாட்டியாச்சும் மாத்திச் சொல்லுங்களேன்!" என்று அவள் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். வெளியே தசரதன் இருமினான். நெடுஞ்செழியன் அவளைப் பார்த்தார். கோபமாகவா, பாவமாகவா, அதுவும் தெரியவில்லை. அவருடைய இடது கை போர்வையின்மேல் அசைந்தது, நின்றது. அவள் அதைக் கவனிக்கவில்லை. சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள். பத்து நிமிடம் கழித்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "கொம்ப மட்டும் எடுங்க. மரம் இருக்கட்டும்" என்றாள். முப்பது வருடத்தில் வீட்டுக்கு வெளியே உள்ள ஒன்றைப் பற்றி அவள் தனியாக எடுத்த முதல் முடிவு அது. எடுத்ததும் அது தப்பு என்று தோன்றியது. ராத்திரி சரி என்று தோன்றியது. காலையில் குச்சியோடு தொட்டிமேல் நின்றபோது மறுபடி தப்பு என்று தோன்றியது.

வியாழக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும் லைனை அணைத்துத் தருவதாக கரண்ட் ஆபீஸில் ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஃப்ரெடி லீவு போட்டிருந்தான். ஷில்பாவும் குழந்தையும் சர்ச் தெருவில் உள்ள சித்தி வீட்டுக்குப் போய்விட்டார்கள். தசரதன் தன்னோடு சிரில் என்று ஒருவனைக் கூட்டி வந்தான். குட்டை, கனத்த தோள், பேச்சே கிடையாது. கயிறு பிடிப்பவன். மரம் இருக்கிற பக்கத்து அறைகளில் யாரும் இருக்கக்கூடாது என்று தசரதன் சொன்னதால், நெடுஞ்செழியனைச் சக்கர நாற்காலியில் வைத்து, வாசலில் மரத்திலிருந்து தள்ளியிருந்த தெற்கு மூலைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள் சாரதா. அந்த இடத்தில் பக்கச் சுவர் இடுப்பளவுக்குக் குறைந்திருக்கும். அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் மரமும் முற்றமும், இன்னொரு பக்கம் சந்தும் ஃப்ரெடியின் ஷீட்டும் தெரியும். வெயில் படாமல் குடையைக் கட்டினாள். மடியில் துண்டு போட்டாள். துண்டை எடுத்துவிட்டு வேறு துண்டு போட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு காலை வெளிச்சத்தில் அவருடைய முகத்தைப் பார்க்கிறாள். ஒரு பக்கக் கன்னத்தில் தான் ஷேவ் பண்ணிவிட்டதில் முடி விட்டுப்போயிருப்பது தெரிந்தது.

இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தசரதன் நேர்மரத்தில் ஏறினான். உயரத்தில் இருந்த ஒரு கவைக்கு மேலாகக் கயிற்றைப் போட்டு, ஒரு முனையைத் தெற்குக் கொம்பில் இறுக்கிக் கட்டினான். இன்னொரு முனை கீழே வந்து, அடிமரத்தை மூன்று சுற்றுச் சுற்றி, சிரிலின் கையில் இருந்தது. முதலில் நுனிக் கிளைகள். ஒவ்வொன்றும் விழும்போது இலையில் படிந்திருந்த, பழைய தங்கச் சுரங்கத்துச் சயனைட் மேட்டுப் பொடி சாம்பலாகக் கிளம்பி எல்லோரையும் தும்ம வைத்தது. காயாகவே இருந்த நாவல் பிஞ்சுகள் ஷீட்டின்மேல் சடசடவென்று கொட்டின. சாரதா ஓர் இடத்தில் நிற்கவில்லை. சிரிலுக்குத் தண்ணீர், ஃப்ரெடிக்குக் குரல், நாற்காலியிடம் ஒரு ஓட்டம், மறுபடி மரத்தடி. "அம்மா, அடியில வராதீங்க" என்று மேலிருந்து இரண்டு தடவை சொன்னான் தசரதன். அவள் நாலடி தள்ளி நின்றாள். ஒரு நிமிடத்தில் அந்த நாலடியும் கரைந்துபோகும்.

பதினொன்றரை ஆகியிருக்கும். இலையெல்லாம் போய், கனத்த கொம்பு மட்டும் பாதி மிலாறுக் கிளைகளோடு நின்றது. தசரதன் மெஷின் ரம்பத்தை முதலில் கொம்பின் அடியில் வைத்துக் கொஞ்சம் அறுத்தான், அப்புறம் மேலே வைத்தான். அப்படிச் செய்தால் பட்டை உரியாது என்று முன்னாலேயே சொல்லியிருந்தான். ரம்பம் பாதிகூட இறங்கியிருக்காது. அதே வேட்டி கிழிகிற சத்தம். அவன் அறுத்த இடத்தில் இல்லை, கவையில். உளுத்த அடி விட்டுக்கொடுத்துவிட்டது. கொம்பு மொத்தமாகக் கழன்று, கயிற்றில் தொங்கி, ஃப்ரெடியின் ஷீட்டை நோக்கி ஊஞ்சல் மாதிரி போனது. ஷீட்டுக்கு ஒரு முழம் மேலே போய், திரும்பி, சுவர்ப் பக்கம் வந்து, மறுபடி போனது. சிரில் இரண்டு காலையும் மரத்தில் உதைத்துக்கொண்டு, மல்லாந்த மாதிரி கயிற்றைப் பிடித்தான். மூன்று சுற்றும் முனகின. அவன் நின்ற இடத்திலிருந்து உயரமான சுவர் மட்டும்தான் தெரியும், அந்தப் பக்கம் கொம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. மேலே தசரதனுக்கு மிலாறு மறைத்தது. ரம்பம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. சந்து முனையிலிருந்து ஃப்ரெடி, "எறக்கு! எறக்கு!" என்று கத்தினான். அடுத்த மூச்சில் "ஐயோ, எறக்காத, மேல, மேல!" என்றான். "எந்தாண்ட? எந்தாண்ட சொல்லுடா!" என்று சிரில் அலறினான். சாரதா வாயைத் திறந்தாள். எது சரி என்று அவளுக்குத் தெரியாது.

அப்போது இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம் கேட்டது. டங், டங், டங். நெடுஞ்செழியன் இடது கை மோதிரத்தால் நாற்காலியின் குழாயை அடித்துக்கொண்டிருந்தார். சிரில் திரும்பிப் பார்த்தான். அந்தக் கை மேலே போனது. விரல்கள் மூடி, முட்டி ஆயிற்று. சிரில் அப்படியே உறைந்தான். கயிறு ஒரு நூல் நகரவில்லை.

முட்டி அப்படியே இருந்தது. கொம்பு ஷீட்டுக்கு மேலே போய் வந்தது. மறுபடி போய் வந்தது, இப்போது கொஞ்சம் குறைவாக. நெடுஞ்செழியனின் கண் கொம்போடுகூடப் போய்ப் போய் வந்தது. கை மட்டும் ஆடவில்லை. ஃப்ரெடி கத்துவதை நிறுத்தியிருந்தான். மூன்றாவது தடவை கொம்பு சந்துக்கு நேரே திரும்பும்போது முட்டி பிரிந்தது. ஆள்காட்டி விரல் தரையைப் பார்த்துச் சின்னதாக வட்டம் போட்டது. சிரில் கயிற்றை விட்டான். முட்டி. நின்றது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டுத் தொட்டுப் பிரிந்தன. சிரில் துளித்துளியாக விட்டான். கொம்பு நீளவாக்கில் திரும்பி, ஷீட்டின் விளிம்பை ஒரு மிலாற்றால் கீறிக்கொண்டு, சந்துக்குள் இறங்கியது. விரல் வேகமாகச் சுற்றியது. தொப்பென்று தரையில் படுத்தது. சந்தில் கிடந்த இலைகள் ஒரு தடவை எழுந்து அடங்கின. கை மடியில் விழுந்தது.

தசரதன் ரம்பத்தை அணைத்தான். சிரில் கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நாற்காலியிடம் வந்து, கொஞ்சம் விறைப்பாக நின்றான்.

"சார் எந்த ஹேங்கர்ல இருந்தீங்க?" என்று கேட்டான். அப்புறம் அவருக்குப் பேச்சு இல்லை என்பது நினைவுக்கு வந்தவனாக, சாரதாவிடம் திரும்பினான். "நானும் ஃபாக்டரில கான்ட்ராக்ட்ல ஆறு வருசம் இருந்தேன்கா. கிரேன் சத்தத்துல வாயால சொன்னா எவனுக்குக் கேக்கும்? எல்லாம் கையிலதான். அந்த முட்டியப் பாத்தா நாம யோசிக்கவே மாட்டோம், கை தானா நின்னுடும்."

சாரதாவுக்கு ஃபாக்டரியின் உள்பக்கம் தெரியாது. ஹேங்கர் என்கிற அந்தப் பெரிய ஷெட்டுகளுக்குள் பெண்டாட்டிகளுக்கு என்ன வேலை? அத்தனை வருடமும் கிரீஸ் கறை படிந்த சட்டையை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. சந்தோஷம் இல்லாமலும் இல்லை. ஆனால் அதற்கடியில், ஓரமாக, வேறொன்றும் கசந்தது. பதினாலு மாதமாக அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இன்றைக்குக் காலையில் வந்த, பேர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவனிடம் அவர் அத்தனை பேசிவிட்டார். அவள் நாற்காலிக்கு முன்னால் மண்டிபோட்டு அந்த இடது கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். "தண்ணி வேணுமா? கையில காட்டுங்க. வெயில் அடிக்குதா? உள்ள போலாமா? ஷாலினிகிட்ட போணுமா? நான் செஞ்சது சரிதானா, சொல்லுங்க, கையிலயே சொல்லுங்க." கேள்விமேல் கேள்வியாகக் கொட்டினாள். கை கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது. அசையவில்லை.

"ஆச்சு" என்றார் நெடுஞ்செழியன், களைப்பாக.

அவள் கையை விட்டுவிட்டு எழுந்தாள். எழுந்ததும் வேலை கண்ணில் பட்டது. அதுதான் வசதி. தசரதன் மறுபடி ஏறி, கிழிந்து நின்ற அடியை அந்த மடிப்புக்கு வெளியே சுத்தமாக அறுத்துவிட்டான். சாணி, தார் எதுவும் பூசவேண்டாம், காற்றாட விடுங்கள், மரமே பார்த்துக்கொள்ளும் என்றான். எதிர்ப் பக்கத்துக் கிளைகளில் நாலைந்தை நுனியில் குறைத்தான். ஃப்ரெடி ஷீட்டின் கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு, ஷில்பாவுக்குப் போன் பண்ணினான். தசரதன் இறங்கி, பெல்ட்டைக் கழற்றி, கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான். சிரில் கடப்பாரையால் அடிமரத்தைச் சுற்றியிருந்த சிமெண்டைக் குத்தி உடைத்தான். உள்ளே வெளுத்துப்போன மண் இருந்தது. சாரதா குனிந்து சிமெண்டுத் துண்டுகளைப் பொறுக்கினாள், மிலாறுகளை இழுத்துக் குவித்தாள், குவித்ததை இன்னொரு இடத்துக்கு மாற்றினாள். கொம்பு போன இடத்தில் வெயில் நேராக அவளுடைய முதுகில் விழுந்தது.

டங், டங்.

நிமிர்ந்தாள். நெடுஞ்செழியன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை நெஞ்சுக்கு நேரே வந்து, உள்ளங்கை அவள் பக்கம் திரும்பி, ஓரமாகத் தள்ளியது. மறுபடி. மறுபடி.

"இன்னாங்க?" என்றாள். கை தள்ளிக்கொண்டே இருந்தது. சிரிலைப் பார்த்தாள். "இன்னா சொல்றாரு?"

சிரில் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். மேலே வெறும் வானமும், அறுபட்ட வெள்ளை வட்டமும்தான் இருந்தன. "பாரத்துக்கு அடியில நிக்காத, தள்ளிப் போன்னு அர்த்தம்கா. ஆனா மேல ஒண்ணும் இல்லியே."

"யாருக்குக் காட்றாரு? உனக்கா?"

சிரில் நாலடி நகர்ந்து பார்த்தான். கை அவனோடு போகவில்லை. "உங்களுக்குத்தான்கா" என்றான், கொஞ்சம் சங்கடமாக.

அவள் இரண்டடி பின்னால் வைத்தாள். கை நிற்கவில்லை. மரத்தின் நிழலைத் தாண்டி வந்தாள். கை தள்ளியது. வாசல் படி வரைக்கும் வந்தாள். அங்கேயும் கை நிற்கவில்லை. கையில் இருந்த மிலாறைக் கீழே போட்டுவிட்டுப் பக்கவாட்டாக நடந்தாள். அவருடைய முகம் அவளோடு கூடவே மெல்லத் திரும்பியது. போதுமா என்பது போல நின்று பார்த்தாள். போதாது. பின்னால் கேட்டின் கம்பி முதுகில் இடித்தது. தடவி, கொக்கியை எடுத்து, கேட்டைத் திறந்துகொண்டு பின்னாலேயே நடந்து தெருவுக்கு வந்துவிட்டாள். மருந்துச் சீட்டு இல்லாமல் அவள் கேட்டைத் தாண்டியது பதினாலு மாதத்தில் இதுதான் முதல் தடவை. காலில் செருப்பில்லை. மே மாதத்துப் பன்னிரண்டு மணித் தார் உள்ளங்காலைச் சுட்டது.

கை நின்றது. மேலே போயிற்று. முட்டி.

எதற்காக என்று அவளுக்குத் தெரியவில்லை. மரத்துக்காகவா, வேறு எதற்காகவாவதா. சிரிலிடம் கேட்கலாம். அவனுக்கும் தெரியாது என்று தோன்றியது. லைன் வந்துவிட்டது போல. தெருவில் இருந்த வீடுகளிலெல்லாம் ஒரே நேரத்தில் டி.வி.க்கள் பேச ஆரம்பித்தன. அவளுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் டேங்கர் வந்து பிரேக் போட்டு ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, வழியில நின்னுகினு இன்னா பண்றீங்க?" என்றான். சாரதா திரும்பவில்லை. சூடு தாங்காமல் ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் வைத்து, அதை இறக்கி இந்தக் காலைத் தூக்கிக்கொண்டு, இடுப்பளவுச் சுவருக்கு மேலே நடுக்கமே இல்லாமல் நின்ற அந்த முட்டி பிரிந்து எந்தப் பக்கம் காட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.